ஆயிரத்து அறுநூற்று ஒன்பதாம் வருடத்து வெள்ளி

தோருண், 14 ஜனவரி 1973

தங்கை ஒத்திலியாவுக்கு,

ஏசுவுக்குப் புகழ். உயிரோடு இருக்கிறேன். முட்டி மட்டும் படிக்கட்டைக் கண்டால் தகராறு செய்கிறது. நீயும் உன் புருஷன் புரூனோனும் சுகம் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் எங்கள் நாணய மன்றம் கலாச்சார இல்லத்தில் கண்காட்சி வைக்கிறது. எனக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை முழுசாக ஒதுக்கியிருக்கிறார்கள். டிராம் பணிமனையில் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு எதற்குத் தனிப் பெட்டி என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. முணுமுணுக்கட்டும். அதில் அப்பாவின் வரிசையை வைக்கப் போகிறேன். சிக்முண்ட் மன்னர் காலத்தில் க்தான்ஸ்க் நகரம் அடித்த ஓர்ட் காசுகள், தாலர் என்ற பெரிய வெள்ளிக்காசில் கால் பங்கு, வருடத்துக்கு ஒன்று. 1608 அருங்காட்சியகங்களுக்குத்தான் கிடைக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு வரிசை 1609-இல் தொடங்குகிறது. என் காசுத் தட்டில் அது வெறும் குழியில் தொடங்குகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அப்பா சாகும்போது சொன்னார்: வரிசை வாலெரியானுக்கு, அதிலிருந்து ஒன்று ஒத்திலியாவுக்கு, அவள் எதைக் கேட்கிறாளோ அது. நீ தட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், 1609-ஐ எடுத்தாய். மற்றவர்களாக இருந்தால் பளபளப்பாக இருப்பதை எடுத்திருப்பார்கள். நீ கறுத்துக் கிடந்ததை எடுத்தாய்.

பதின்மூன்று வருஷமாக விலைக்குக் கேட்டேன், மாற்றாகக் கேட்டேன். இப்போது இரவலாகத்தான் கேட்கிறேன். மூன்று வாரம். புரூனோன் ரயிலில் கொண்டுவரட்டும், தபாலில் வேண்டாம். துடைக்காதே. கழுவாதே. சோடா மாவைப் பக்கத்தில் கொண்டுபோகாதே. அந்தக் கறுப்பு முந்நூற்று அறுபது வருஷம் ஏறிய கறுப்பு.

சரி அல்லது முடியாது. ஒரு வார்த்தை போதும்.

அண்ணன்,
வாலெரியான் ஃபோர்மெலா


வியெஷ்னோ, 2 பிப்ரவரி 1973

அன்புள்ள அண்ணா,

என்றென்றும் புகழ். இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துக் கம்பளித் துணி சுற்று. ஒரு புட்டி அனுப்புகிறேன்.

இன்று மெழுகுவர்த்தித் திருநாள். மந்திரித்த வர்த்தியைக் காற்றில் அணையவிடாமல் கோயிலிலிருந்து வீடுவரை கொண்டுவந்துவிட்டேன். புரூனோன் தன் தொப்பியால் மறைத்துக்கொண்டே வந்து தொப்பியைப் பொசுக்கிக்கொண்டார். போன வாரம் பன்றி அடித்தோம். ரத்தக் குழல்கறி உனக்குப் பிடிக்குமே, அதுவும் பொட்டலத்தில் இருக்கிறது.

கண்காட்சி பற்றி எழுதியிருந்தாய். தனிப் பெட்டி பெரிய மரியாதை. அப்பா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். அன்றைக்குப் போட்டுக்கொள்ள நல்ல கோட்டு வைத்திருக்கிறாயா? காலர் நைந்திருந்தால் அனுப்பு, திருப்பித் தைத்துத் தருகிறேன்.

சீக்கிரம் எழுது. நாய் குரைக்கும் முன்பே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன்.

உன் தங்கை,
ஒத்திலியா


தோருண், 11 பிப்ரவரி 1973

ஒத்திலியா,

நலம். அங்கேயும் நலம் என்று தெரிகிறது. பொட்டலம் வந்தது. குழல்கறி நன்றாக இருந்தது. நான் கேட்டது குழல்கறி அல்ல.

கேட்டது ஒரு கேள்வி. நீ மெழுகுவர்த்தி, பன்றி, வாத்து, கோட்டு என்று நாலு பதில் எழுதியிருக்கிறாய். நான் கேட்காத நாலு பதில்.

என்ன வேண்டும் உனக்கு? என்னிடம் இரட்டையாக உள்ளதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கிராகோவில் அடித்த ஆறு குரோஷ் காசு இருக்கிறது, ரீகாவில் அடித்த மூன்று குரோஷ் இருக்கிறது. மன்னரின் தாடி மயிர் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பணமாக வேண்டுமென்றால் தொகையைச் சொல். என்னைக் கெஞ்ச வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அதையும் சொல். கெஞ்ச மாட்டேன், ஆனால் தெரிந்துகொள்வேன்.

போன ஞாயிறு மன்றத்தில் மருந்துக்கடை ப்லாகா என் தட்டை எட்டிப் பார்த்தார். "பெரியவரே, அந்த மொதக் குழியில ஒரு கோட்டுப் பித்தானையாவது வெச்சு மூடுங்களேன், பல்லு விழுந்த கெழவன் சிரிக்கற மாதிரி இருக்கு" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு உன் கணக்கில்.

ஈஸ்டருக்கு நானே வருகிறேன். காசைப் பஞ்சில் சுற்றி எடுத்து வை.

வாலெரியான்


வியெஷ்னோ, 20 மார்ச் 1973

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? முட்டியைப் பற்றி நீ எழுதவே இல்லை. கொழுப்பைத் தேய்த்தாயா, ரொட்டியில் தடவித் தின்றுவிட்டாயா?

ஈஸ்டருக்கு வர வேண்டாம். மாமியார் சின்ன அறையில் படுத்திருக்கிறார், உன்னைத் தங்கவைக்க இடமில்லை. சாலையும் பனி உருகிச் சேறாகக் கிடக்கிறது. கோடையில் வா. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும், புரூனோன் படகை எடுப்பார்.

காசு பத்திரமான இடத்தில் இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை. இதற்கு மேல் கேட்காதே அண்ணா. வேறு ஏதாவது எழுது. அந்த வீட்டில் தனியாக என்ன சமைத்துச் சாப்பிடுகிறாய்? எதிர்வீட்டு விதவை இன்னும் உன்னிடம் பத்திரிகை இரவல் வாங்குகிறாளா?

உன் தங்கை,
ஒத்திலியா


தோருண், 9 ஏப்ரல் 1973

ஒத்திலியா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் அம்மா வளர்த்த வளர்ப்பு: சுகமா?

நேற்றுத் திருப்பலி முடிந்து மன்றத்தில் உட்கார்ந்திருந்தோம். ப்லாகா புதுக் கேமராவோடு உங்கள் பக்கம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்தார். தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஒரு வேடிக்கை கேளுங்க. ஒரு பட்டிக்காட்டுக் கோயில்ல, மாதா படத்துக்குப் பக்கத்துல நேர்த்திக்கடன் பலகை. செவப்பு வெல்வெட்டு. வெள்ளி இதயம், வெள்ளிக் காலு, பவழ மாலை, எல்லாம் வழக்கம்போல. நடுவுல என்ன தொங்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்? க்தான்ஸ்க் ஓர்ட்! ஆயிரத்து அறுநூத்து ஒம்போது! தலைக்கு மேல தொளை போட்டு, நீல ரிப்பன் கட்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட நான்தான் உரக்கப் பேசினேன். "எந்தக் கழுதை செஞ்ச வேலைய்யா அது? வெள்ளிக்கும் சட்டி மூடிக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளையாத்தான் இருப்பா. அந்தக் கையைப் புடிச்சு ஒடைக்கணும்."

"பெரியவருக்கு வர்ற கோவத்தப் பாருங்க" என்றார் ப்லாகா. "வியெஷ்னோன்னு ஊரு. உங்க தங்கச்சியும் அந்தப் பக்கந்தானே? அந்த மகராசி யாருன்னு விசாரிச்சுத்தான் சொல்லுங்களேன்."

மறுபக்கத்தைப் பார்த்தாரா, வலப்பக்கச் சிங்கத்தின் வால் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ரிப்பன்லதானே தொங்குது, திருப்பிப் பாத்தேன். அச்சு வெடிச்சு வாலு ரெண்டாப் பொளந்திருந்துச்சு. ஏன், தெரிஞ்ச காசா?"

தெரிந்த காசுதான். ஜெர்மன்காரன் வீட்டைப் புரட்டிப் போட்டபோது அப்பா அதைத் தேனீப் பெட்டிக்குள் மறைத்து வைத்தார். போர் முடிந்து அதை வெளியே எடுக்கும்போது கையெல்லாம் கொட்டு வாங்கினார். அவ்வளவுக்கும் தப்பித்தது உன் புருஷனின் துளைக்கருவிக்குத் தப்பவில்லை.

நீதானா? இதற்கும் பன்றியைப் பற்றி எழுதி முடித்துவிடுவாயா?

வாலெரியான்


வியெஷ்னோ, 16 ஏப்ரல் 1973

அண்ணா,

நான்தான். துளை போட்டது புரூனோன், சொன்னது நான். கடிகாரக்காரர் வைத்திருக்கும் மெல்லிய துளையூசியால் போட்டார்.

உன் கடிதத்தைப் புனித வாரத்தில் படிக்க வைத்துவிட்டாய். கையை ஒடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எழுதினாயே, அது போதும்.

முட்டைக்கு வெங்காயத் தோலில் சாயம் ஏற்றியிருக்கிறேன். உனக்கு நாலு அனுப்பினேன், உடையாமல் வந்ததா?

ஒத்திலியா


தோருண், 28 மே 1973

ஒத்திலியா,

வீடு வந்து சேர்ந்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபமும் நன்றாகத்தான் இருக்கிறது. உன் வீட்டுச் சமையலறையில் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லக்கூடாது பார்.

உன்னிடம் வருவதற்கு முன் கோயிலுக்குத்தான் போனேன். பலகையைப் பார்த்தேன். துளை மன்னரின் கிரீடத்துக்கு மேலே விழுந்திருக்கிறது, ஓரத்து எழுத்தில் இரண்டைத் தின்றுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி திருநாளுக்குத் திருநாள் அதைத் தேய்த்தும் வைத்திருக்கிறாள். பல் துலக்கிய மாதிரிப் பளபளக்கிறது. முந்நூற்று அறுபது வருஷத்துக் கறுப்பு போய்விட்டது. துடைக்கவில்லை என்று எனக்கு எழுதினாயே!

பங்குத்தந்தையிடம் என் தாலரைக் காட்டினேன். துளையில்லாத முழுத் தாலர். "சாமி, இதுல நாலு மடங்கு வெள்ளி இருக்கு. இதை மாட்டிக்குங்க, அதைக் குடுங்க" என்றேன்.

"பெரிய காசுதான் ஐயா" என்றார். "ஆனா மாதா எடை போட்டு வாங்கறதில்லையே. நேந்துக்கிட்டவங்க வந்து சொல்லட்டும், நானே பலகையைத் தொறக்கறேன்."

அதற்குத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ "மாட்டேன்" என்றாய். எதற்காக நேர்ந்துகொண்டாய் என்று கேட்டேன். சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாய். மறுபடி கேட்டேன். உப்பு எடுத்துப் போட்டாய். உன் புருஷன் நடுவில் புகுந்து, "மச்சான், சூப்பு ஆறிடும். மொதல்ல சாப்பிடுங்க, அப்புறமா என்னைக் கொல்லுங்க" என்கிறான். கரண்டியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்க்காதே.

துளை விழுந்த காசு, தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு, எந்த மன்றத்திலும் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தக் குழிக்கு உரியது அதுதான். வேறெதுவும் அங்கே உட்காராது.

பங்குத்தந்தைக்குக் கொடுக்க வேண்டிய சம்மதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. போட முடியாதென்றால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

வாலெரியான் ஃபோர்மெலா


வியெஷ்னோ, 15 ஜூன் 1973

அண்ணா,

நலமாக இரு. கடைசிக் கடிதம் என்று எழுதிவிட்டாய். இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்கிறேன்.

அந்தக் காசை ஏன் எடுத்தேன் தெரியுமா? அப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அறைக்குள் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. இதை நான் வைத்திருந்தால் இதைத் தேடியாவது என் வீட்டுக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. பதினோரு வருஷம் பேச்சில்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்கு ஒரு குழந்தை பிறந்து இரண்டு நாள் இருந்து போனது, எழுதினேன். பதில் இல்லை.

அறுபதாம் வருஷம் கோடையில் நான் மாதா முன்னால் முழங்காலில் நின்றேன். என் அண்ணன் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதட்டும், வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னேன். அறுவடை முடிவதற்குள் கடிதம் வந்தது. "ஒத்திலியா, 1609-க்கு என்ன விலை கேட்கிறாய்?" அவ்வளவுதான். சுகமா என்றுகூட இல்லை. களத்துமேட்டில் நின்று படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

புரூனோன் துளை போடும்போது, "அடியே, உங்கண்ணன் இந்தக் காசைக் கேட்டு எழுதியிருக்கான். அவன் எழுதிட்டான்னு நீ அதே காசைக் கொண்டுபோய்ச் சாமிக்குக் குடுக்கற. உங்க அப்பன் ஒரே மண்டையை ரெண்டா வெட்டி ரெண்டு பேருக்கும் வெச்சுட்டான்" என்றார். வீட்டில் உயர்ந்தது வேறு என்ன இருந்தது, பசுவா? கேட்டது கிடைத்த பிறகு, இந்தக் கடிதம் சேராது, நல்லதாக இன்னொன்று வரட்டும் என்று மாதாவிடம் பேரம் பேச முடியுமா?

எனக்கும் கோபம் வரும் அண்ணா. பதின்மூன்று வருஷமாக நீ அந்தக் காசுக்குத்தான் எழுதினாய். உறையில் மட்டும் என் பெயர் இருந்தது. காசு என்னிடம் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த உறையும் வந்திருக்காது. அதனால்தான் பன்றியைப் பற்றி எழுதினேன். துடைக்கவில்லை என்று எழுதியது பொய். கோயிலில் வெள்ளியைத் தேய்க்கிற முறை எனக்கு வரும்போது நானேதான் அதைத் தேய்க்கிறேன். உனக்காக ஒரு செபம் சொல்லிக்கொண்டே தேய்க்கிறேன்.

உன் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கேட்டேன், கிடைத்தது, கொடுத்தேன். இனி அதைத் திரும்ப வாங்க மாட்டேன்.

ஒத்திலியா


வியெஷ்னோ, 26 ஆகஸ்ட் 1973

அண்ணா,

நலமா? நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், நலமா?

தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலேயே, "அம்மா, இன்னிக்கும் கரண்டு ரசீதுதான்" என்று கத்திவிட்டுப் போகிறார். கோதுமை அறுத்தாகிவிட்டது. மாமியார் போன மாதம் போய்ச் சேர்ந்தார். உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நீ எழுதாவிட்டாலும் அதைப் பலகையிலிருந்து எடுக்க மாட்டேன். அதையும் தெரிவிக்கிறேன்.

ஒத்திலியா


தோருண், 14 அக்டோபர் 1973

ஒத்திலியா,

ஏசுவுக்குப் புகழ். முட்டி மோசம். நீ சொன்ன கொழுப்பைத் தேய்த்துப் பார்த்தேன், அறை முழுதும் வாத்து நாற்றம், வலி அப்படியேதான் இருக்கிறது. உன் மாமியாருக்காக ஒரு திருப்பலிக்குச் சொல்லியிருக்கிறேன். புரூனோனிடம் சொல்.

கண்காட்சி இன்று திறந்தது. எப்படித் திறந்தது என்று கேள்.

நேற்றுச் சாயங்காலம் தட்டைப் பெட்டியில் வைத்தேன். முதல் குழி காலி. ப்லாகா பக்கத்தில் வந்தார். அவரிடமும் ஒரு 1609 இருக்கிறது, மன்னரின் மூக்கில் கீறல் விழுந்தது. "பெரியவரே, பழசெல்லாம் விடுங்க. என்னோடதை மூணு வாரத்துக்கு வெச்சுக்குங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்யா" என்றேன்.

மன்றத் தலைவர் வந்தார். "சரி, அப்ப 'இல்லை'ன்னு ஒரு சீட்டு எழுதி வைங்க. அதுதானே வழக்கம்."

"இல்லைன்னு எப்படி எழுதறது? இருக்கு. எந்த ஆணியில தொங்குதுன்னுகூடத் தெரியும். என் பெட்டிக்குள்ள பொய்ச் சீட்டு வைக்க மாட்டேன்."

"பின்ன என்னதான் எழுதப்போறீங்க?"

எழுதி வைத்தேன்: '1609. துளையிட்டது. என் தங்கை ஒத்திலியாவுக்குச் சொந்தமாக இருந்தது. வியெஷ்னோ கோயிலுக்கு அவள் கொடுத்தது.'

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். குடும்பக் கதைக்கு இங்கே இடமில்லை என்றார். அதற்குள் கலாச்சார இல்லத்து இயக்குநர் ஓடி வந்தார். "தோழரே, நாளைக்கு மாவட்டத்திலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. கோயில்ங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். 'ஒரு கிராமத்தில்'னு போட்டுக்கலாமே? என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க."

"அது கிராமத்துல எங்க இருக்கு? கிணத்துலயா? மாட்டுக் கொட்டகையிலயா? கோயில்ல இருக்கறதைக் கோயில்லன்னுதான் எழுதணும். சீட்டை எடுத்தீங்கன்னா தட்டையும் எடுத்துக்கிட்டு இப்பவே வீட்டுக்குப் போறேன். வெறும் பெட்டியை மாவட்டத்துக்குக் காட்டுங்க."

தட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். சுவரொட்டியில் என் வரிசையைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இயக்குநர் வியர்த்தார், யாருக்கோ தொலைபேசினார், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டு இருக்கிறது.

இன்று வந்த கூட்டத்துக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. வரிசையாக அத்தனை நல்ல காசு இருக்கிறது. எல்லோரும் அந்தக் காலிக் குழிக்கு முன்னால் நின்று சீட்டைப் படிக்கிறார்கள். ஒருத்தி என்னிடமே வந்து, "எதுக்காக நேந்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் இதை உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. உண்மையை எழுத வேண்டும், எழுதினேன். கோபம் குறையவில்லை. கோபம் குறையாமலே ஒரு கடிதம் எழுத முடியும் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். கடைசிக் கடிதம் என்று முன்பு எழுதியதை அடித்துவிடு.

ஜூன் மாதக் கடிதத்தை முழுதும் படித்தேன்.

நவம்பர் முதல் தேதி, இறந்தோருக்கு விளக்கேற்றும் நாளில், உங்கள் ஊர்க் கல்லறைக்கு வருகிறேன். விளக்கு நானே வாங்கி வருவேன். கோயில் பக்கம் போக மாட்டேன். காசைப் பற்றிக் கேட்க மாட்டேன். சூப்பு வைத்தால் குடிப்பேன்.

கேட்பது ஒன்றுதான். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? விளக்கு ஏற்றும்போது சொல்ல வேண்டும். உடனே பதில் எழுது.

இந்தக் கடிதம் வந்ததற்காக இன்னொரு காசில் துளை போட்டுவிடாதே.

உன் அண்ணன்,
வாலெரியான்